காலி எடை

எலக்ட்ரீஷியனின் வலது தொடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடியிருந்த ஆட்டம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவரை விட்டு இறங்கி, நாலு தெரு தள்ளி இருந்த எடைமேடைக்காரரின் தொடைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் சிமெண்டு விலை ஏறியிருந்தது. மணல் லாரிகள் குறைவாகத்தான் ஓடின. எலக்ட்ரீஷியனுக்கு உடம்பில் ஏதோ குறைகிற மாதிரி இருந்ததே தவிர, என்ன குறைகிறது என்று மதியம் வரை பிடிபடவில்லை. அவர் மனைவிதான் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேஜையில் டம்ளர் தண்ணீர் தளும்பாமல் நின்றிருந்தது. இரண்டு பேரும் அதை ஒரு நல்ல காரியமாக எடுத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

எடைமேடைக்காரர் தூங்கப் போகவில்லை. ஆடுகிற தன் தொடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லாரிகளை எடை போடுவது அவர் தொழில். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, சரக்கு ஏற்றித் திரும்பும்போது ஒரு எடை. பின்னதில் முன்னதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரியும். காலி எடை எழுதாத வண்டிக்கு லோடு எடை போட்டு என்ன பிரயோசனம் என்று டிரைவர்களிடம் சண்டைக்கு நிற்பார். கடவுளைப் பற்றிக்கூட அவருக்கு இரண்டு கருத்து உண்டு. இதைப் பற்றி ஒரே கருத்துதான். இந்தக் கருத்தை மேடையோடு விட்டுவிட்டு வராமல் சனிக்கிழமை பிற்பகல் போக்கர் சீட்டாட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டது அப்படித்தான்.

ஆட்டம் அவர் வீட்டு முன்னறையில் நடக்கும். எலக்ட்ரீஷியன், ரொட்டிக்கடைக்காரர், ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர், எடைமேடைக்காரர் என்று நாலு பேர். பணம் வைத்து ஆடுவதில்லை, சட்டைப் பித்தான்கள்தான். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவே. ஆனால் டீ வாங்கித் தருகிறவர் பெரும்பாலும் ஒரே ஆளாக இருந்தால் அந்த டீ தொண்டையில் இறங்காது. அந்த ஆள் எடைமேடைக்காரர்தான். அதனால்தான் அவர் நோட்டுப் போட்டார். என்றைக்கு ஆடினோம், எவ்வளவு நேரம், எந்தக் கையை, அதாவது கையில் வந்த சீட்டுகளை, மடித்துப் போட்டு விலகியிருக்க வேண்டும், ஏன் மடிக்கவில்லை என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார். முதல் வருடம் அந்த நோட்டு அவருக்கு உண்மையாகவே நல்லது செய்தது. வெயில் சாய்ந்த பிறகு தனக்குப் புத்தி மழுங்குகிறது என்று தெரிந்துகொண்டார். அதற்கு மேல் பெரிய பந்தயம் கட்டுவதை விட்டார். சின்னச் சீட்டு ஜோடி ஒன்று கையில் வந்துவிட்டால் பெற்ற பிள்ளை மாதிரி அதைக் கைவிட மனம் வராமல் தோற்றுக்கொண்டிருந்ததும் நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. திருத்திக்கொண்டார். ஜெயிக்கவும் தொடங்கினார். அந்த நோட்டை அதோடு மூடி வைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

மூடவில்லை. தன்னைப் பற்றி எழுத ஒன்றும் மிச்சம் இல்லாமல் போனதும் எதிரே இருந்தவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். எலக்ட்ரீஷியனுக்குச் சும்மா இருக்கும்போது தொடை ஆடும், நல்ல கை வந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று எழுதிய மறுநாள்தான் அந்தத் தொடை ஆட்டம் இவரிடம் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் சீட்டைத் தொடுமுன் அடுப்பிலிருந்து எடுத்த தட்டைத் தொடுகிறவர் போல விரல் நுனிகளை ஊதிக்கொள்வார். அது எழுதப்பட்ட இரண்டாம் நாள் இவர் ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லாமல் பந்தயத்தை ஏற்றி மிரட்டும்போது கண்டக்டருக்கு வரும் இரட்டைக் கனைப்பும் அதே வழியில் வந்தது. கனைப்பு போன கண்டக்டரின் முகம் கல்லாகிவிட்டது. அவரைப் படிக்க யாராலும் முடியவில்லை. இவரையோ, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பால்காரன்கூடப் படித்தான். ஆட்டத்தை வளர்க்க எழுதியவருக்கு ஆட்டம் தேய்ந்தது. ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மூன்று பேருடைய கெட்ட பழக்கத்தை ஒழித்துக் கொடுத்திருக்கிறோம், நஷ்டம் நமக்குத்தானே, இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்வதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பிறகு கண்டக்டர் தன் மகள் வீட்டோடு போய் இருக்கக் கிளம்பினார். நாலாவது நாற்காலி காலியானது. எடைமேடைக்காரரின் மனைவி சும்மா ஒரு சனிக்கிழமைக்கு என்று வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கையை நீட்டுகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் குழாய்களில் நிரப்புவாள். வாயில் தைரியம் பேசுகிற எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவள். சீட்டுகளின் வரிசை புரிந்த அரை மணி நேரத்தில் மேஜையில் இருந்த பித்தான்களில் பாதி அவள் பக்கம் போய்விட்டன.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிற?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"ஊசியைப் பார்த்ததும் ஆளோட கண்ணு எங்க போகுதுன்னு பார்ப்பேன் அண்ணே. இங்கயும் அதே கண்ணுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு முதலில் ஒரு விக்கல் மாதிரித் தொடங்கும். இனி அடக்க முடியாது என்று ஆனதும் பக்கத்தில் இருப்பவர் தோளில் ஓர் அறை விழும். அன்றைக்கு அந்த அறை எலக்ட்ரீஷியனுக்கு விழுந்தது. தொடர்ந்து பல சனிக்கிழமைகள் டீ எடைமேடைக்காரர் செலவில்தான். அவளோ நோட்டும் போடுவதில்லை, கணக்கும் வைப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் பித்தான்களை டப்பாவில் கொட்டிவிட்டு, துவைத்த துணியை எடுக்கப் போய்விடுவாள். வெளியாள் யாரிடம் தோற்றிருந்தாலும் அவர் பொறுத்திருப்பார். ஒரே சோப்பைப் பயன்படுத்துகிற ஆளிடம் வாராவாரம் தோற்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அவளிடம் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல கைக்கும் வெறுங்கைக்கும் ஒரே முகம். காலி எடை எழுதாமல் லோடு எடையைப் பார்த்தால் இப்படித்தான் என்று அவருக்குத் தோன்றியது. அவர் செய்த தப்பு இதுதான். லாரி எடை போடுகிறவர் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வாய்த்திருக்காது. சீட்டு இல்லாதபோது அவள் எப்படி இருப்பாள் என்று முதலில் எழுதிவிடலாம், பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது கதவைப் பார்த்து "வந்துட்டேன்ப்பா" என்பாள் என்று எழுதினார். டீயின் கடைசி வாயைக் குடிக்காமல் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வைப்பாள் என்று எழுதினார். கோபம் வந்தால் பேச மாட்டாள், அலமாரிக் கதவை இடுப்பால் இடித்துச் சாத்துவாள், பிறகு "நல்லா இருக்கு நியாயம்" என்று சுவரிடம் சொல்வாள் என்று எழுதினார். கவனமான வேலை எதையும் தொடங்குமுன், ஊசியில் நூல் கோப்பதானாலும் சரி, குழந்தையின் கையில் நரம்பு தேடுவதானாலும் சரி, மூக்கால் ஒரு ராகம் முனகுவாள், அது எந்தப் பாட்டும் இல்லை என்றும் எழுதினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை அவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. "என்னங்க, புதுசா பார்க்கறீங்க?" என்று கேட்டு வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தையும் அவர் எழுதினார்.

ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு மாலை அவள் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பின்னால் வந்த எடைமேடைக்காரர் கதவைப் பார்த்து "வந்துட்டேன்ப்பா" என்றார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தார் என்று சொல்லி அவரைக் காப்பாற்ற இந்தக் கதையால் முடியாது. பரிசோதனை நிலையத்தில் குழந்தைகள் அழத் தொடங்கினார்கள். முனகல் இல்லாத அந்தக் கை எவ்வளவு நிதானமாக வந்தாலும் குழந்தைகளுக்கு அது ஊசிதான். பெரியவர்களும் அவள் வரிசையை விட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். மேலாளர் அவளைப் பின்னறைக்கு மாற்றி, குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையைக் கொடுத்தார். அவள் வீட்டில் வந்து அதை மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். எடைமேடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மறுபடியும் அவளிடம் தோற்றார். மிச்சம் இருந்தது சிரிப்பு ஒன்றுதான். பென்சிலால் எழுதினார். பென்சில் என்றால் அழித்துவிடலாம், அழித்தால் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஜெயித்தார். அவளுடைய ராணி ஜோடியைத் தன் மூன்று ஏழுகளால் அடித்துப் பித்தான் குவியலை இழுத்துக்கொண்டார். எத்தனையோ வாரமாக ஏங்கிய ஆட்டம் அது. அவள் சீட்டுகளை அழகாக அடுக்கி வைத்து, "நல்லா ஆடினீங்க" என்றாள். பஸ்ஸில் இடம் விட்டவரிடம் நன்றி சொல்கிற குரல். ரொட்டிக்கடைக்காரர் ஏதோ நகைச்சுவை சொன்னார். அவள் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். விக்கல் எடைமேடைக்காரரின் தொண்டையில் கிளம்பியது, கை தானாக உயர்ந்து எலக்ட்ரீஷியன் தோளில் அறைந்தது. எலக்ட்ரீஷியன் தோளைத் தடவிக்கொண்டே அவளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் சீட்டுக் கட்டு பிரிக்கப்படவில்லை.

அவர் பென்சில் எழுத்தை அழித்துப் பார்த்தார். தாள் தேய்ந்ததே தவிரச் சிரிப்பு நகரவில்லை. நோட்டைக் கிழித்தார், எரித்தார், சாம்பலைத் தண்ணீரில் கரைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எடை போட்டு ரசீது கொடுத்த பிறகு ரசீதைக் கிழித்தால் லாரியில் இருக்கும் சரக்கு இறங்கிவிடுமா என்று அவருக்குத் தெரியாதா என்ன. ஒருநாள் கடைசி லாரி போனதும் அவரே மேடை நடுவில் ஏறி நின்றார். திரை இரண்டு ஆட்களின் கனத்தைக் காட்டியது. மேடை பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மேடையில் ஒரு கோளாறும் இல்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் மூக்கால் முனகிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அது என்னுதுல்ல?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சட்டை நனைகிற அளவுக்கு அழுதுகொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"திட்டு. வாய் வலிக்கிற வரைக்கும் திட்டிடு."

"திட்டணும்னுதான் தோணுது. எப்படின்னு வர மாட்டேங்குதுங்க."

கோபத்தையும் அவரே எழுதி வாங்கியிருந்தார். அவள் எங்கேயோ வைத்து மறந்த சாவியைத் தேடுகிறவள் போல நின்றாள். அவர் திரும்பி, அலமாரிக் கதவை இடுப்பால் இடித்துச் சாத்தினார். உள்ளே தட்டுகள் குலுங்கின. "நல்லா இருக்கு நியாயம்" என்று சுவரிடம் சொன்னார். அவளுடைய கோபம் அவர் உடம்பில் முழுதாக எழுந்து அவரையே பார்த்தது. இவ்வளவு காலம் தான் எதை எதையெல்லாம் பார்க்காமல் இருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் தலையசைத்தாள்.

"ஆமா. இந்த அளவுக்குத்தான் இருந்திருக்கும்."

அடுத்த வாரம் அவர் மேடையில் காலை வேலையை மாலைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, அவளோடு பரிசோதனை நிலையத்துக்குப் போனார். மேலாளரிடம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. அவளுக்குப் பழைய நாற்காலி திரும்பக் கிடைத்தது. அவள் நரம்பைத் தேடுவாள், அவர் பின்னால் நின்று முனகுவார். குழந்தைகள் அழுவதை நிறுத்தினார்கள். முதலில் ஆச்சரியப்பட்டவர்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்கள். முனகுகிறவர் லீவு என்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. நிலையம் அவருக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டது. வருடங்கள் அப்படியே போயின. ரொட்டி விலை பல தடவை ஏறியது. வீட்டில் சிரிக்க வேண்டியது வந்தால் அவர் சிரிப்பார், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவளிடம் புதிதாக ஒரு பழக்கம் முளைத்திருக்கிறது. பழையது எதுவும் இல்லை, முழுக்கப் புதியது, மிகச் சிறியது. வெளியே கிளம்பும்போது வாசலில் வரும். அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். உடனே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் கதவைப் பூட்டி முடிக்கும் வரை முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். தெருவில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் தெரியும், எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். அது என்னவென்று யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. இங்கேயும் எழுதவில்லை.