எலெயாசார் கிழித்த ஸ்டிக்கர்

எங்க ஆஸ்பத்திரி ஒர்க்‌ஷாப்புல பேபி வெண்டிலேட்டரைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச கை ரெண்டு பேரோடதுதான். ஒண்ணு எலெயாசார் தீகோனா. இன்னொண்ணு நான், நில்தா கோல்கே. அவனுக்குப் பெர்மனென்ட் போஸ்ட். எனக்கு மூணு மாசக் கான்ட்ராக்ட். மூணு மாசத்துக்கு ஒருக்கா சீஃப் பல்திவியேசோ ரூம் வாசல்ல நின்னு பல்லைக் காட்டணும். ஒன்பது வருஷமா காட்டுறேன். பல்லே தேஞ்சுபோச்சு.

கான்ட்ராக்ட்காரிக்குக் கையெழுத்து உரிமை கிடையாது. மெஷினை நான் சரிபார்த்தாலும் ஸ்டிக்கர்ல அவன் பேருதான் ஏறும். அவன் போனா அந்த இடம் எனக்குன்னு பல்திவியேசோவே சொல்லியிருந்தாரு. ஆனா அவன் எங்க போவான்? நாப்பத்திமூணு வயசு, பீர் இல்ல, சிகரெட் இல்ல, ஒரு நாள் லீவு இல்ல. சபைக்காரன் வேற. ஒர்க்‌ஷாப்புல எல்லாரும் அவனை "பிரதர்"னுதான் கூப்பிடுவோம், நக்கலா. தும்மினா "அல்லேலூயா"ம்போம். அந்தாளு சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில வாவா பெட்டியை மேசையில தூக்கி வச்சான். வாவான்னா எங்க பக்கத்துல கைக்குழந்தை. எங்க ஊரு ஒரூரோவுலேர்ந்து லா பாஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் குறைமாசக் குழந்தைகளை ஆம்புலன்ஸ்ல அனுப்பும்போது கூடவே போற குட்டி வெண்டிலேட்டருக்கு அதுதான் பேரு. சின்ன சூட்கேஸ் அளவுதான் இருக்கும்.

மாசாந்திர செக்குக்கு அவனுக்கு ரெண்டு மணி நேரம். நானா இருந்தா ஒண்ணேகால். முதல்ல துடைப்பான். ட்யூப்பை விரக்கடை விரக்கடையா வளைச்சு வெடிப்பு இருக்கான்னு பார்ப்பான். கரன்டைப் பிடுங்கிட்டு, பேட்டரி எத்தனை நேரம் தாங்குதுன்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்காருவான். குழந்தையோட நுரையீரலுக்குப் பதிலா ஒரு ரப்பர் பையை மாட்டி ஓட விடுவான். பை உப்பும், சுருங்கும், அவன் மீட்டரைப் பார்த்து எழுதுவான். ட்யூப்பைப் பிடுங்குவான், அலாரம் கத்தணும். ட்யூப்பை மடக்கிப் பிடிப்பான், வேற குரல்ல கத்தணும். கடைசியா, மூச்சு வெளிய போற வால்வைக் கழட்டித் துடைப்பான். அதுக்குள்ள வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா ஒரு ரப்பர் தகடு. அது ஒட்டிக்கிட்டா காத்து உள்ள போகும், வெளிய வராது. ஒரு கிலோ குழந்தை அப்படி எத்தனை நிமிஷம் தாங்கும்? தாங்காது.

எல்லாம் முடிஞ்சதும் பச்சை ஸ்டிக்கர், தேதி, கையெழுத்து. அதுக்கப்புறம் பெட்டி கீழ விழுந்தாலோ, மேல எதாவது சிந்தினாலோ ஸ்டிக்கர் செல்லாது. கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து பார்க்கணும். அது சட்டம். எலெயாசாருக்கு அது வேதம்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பூசை. கார்னிவல் வெள்ளியில ஊரெல்லாம் ஆபீஸு, பட்டறை, கடைன்னு பூமித்தாய்க்கு ஊத்துவோம். நாலு மூலைக்கும் சாராயம், பீர், மெஷினுங்களுக்கு வண்ணத்தாள் மாலை, அதுங்க தலையில கைப்பிடி கைப்பிடியா காகிதப் பொட்டு. பூசை போட்ட மெஷின்மேல சாம்பல் புதன் வரைக்கும் எவனும் ஸ்க்ரூடிரைவர் வைக்கக்கூடாது. வச்சா வருஷம் முழுக்க வேலை விளங்காது. எங்க அப்பன் காலத்துலேர்ந்து இதான் வழக்கம்.

எக்ஸ்ரே மெஷின் ஆச்சு, ஸ்டெரிலைசர் ஆச்சு, கடைசியா வாவா பெட்டிகிட்ட வந்தோம். எலெயாசார் அதை மார்போட அணைச்சுக்கிட்டு நின்னான்.

"இதுமேல மட்டும் வேணாங்க. ட்யூப் மாட்டல, வாய் திறந்து கிடக்கு. தூசி போச்சுன்னா வால்வு போயிடும்."

"வால்வுன்னு சொல்றான் பாரு," பல்திவியேசோ கையில பாட்டிலோட சிரிச்சாரு. "பூமித்தாய்னா உனக்குப் பேய், அப்படித்தானே? நேரா சொல்லேன்யா!"

"சார், நான் சாமியைப் பத்திப் பேசல. மெஷினைப் பத்திப் பேசுறேன்."

"அல்லேலூயா!"ன்னு பின்னாலேர்ந்து எவனோ கத்தினான். பதினோரு பேர் இருந்தோம், பதினோரு பேரும் சிரிச்சோம். அவன் சொன்னது சரின்னு அந்த ரூம்ல தெரிஞ்ச ஒரே ஆள் நான். அதிகமா சிரிச்சதும் நான்தான்.

பல்திவியேசோ பாட்டிலை அவன் தலையில கவுத்தாரு. பீர் வழிஞ்சு மூக்கு நுனியில சொட்டுது, பெட்டியிலயும் சொட்டுது. "இந்தா, உனக்கு ஞானஸ்நானம்!"ன்னாரு. ஆளாளுக்குக் காகிதப் பொட்டை அள்ளி வீசினாங்க. நானும் ஒரு கைப்பிடி அள்ளி, கிட்டப் போய்ப் போட்டேன். வேணும்னு போடல. ஆனா வாய் எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு எனக்குத் தெரியும்.

எலெயாசார் பெட்டியை மேசையில வச்சான், ஸ்டிக்கரைக் கிழிச்சான். எல்லாரும் பன்றிக்கறி வாசனைக்கு முற்றத்துப் பக்கம் போயிட்டாங்க. ஈரத்தலையோட என்கிட்ட வந்தான்.

"சகோதரி, அஞ்சு மணிக்கு சபை பஸ் கிளம்புது. கார்னிவல் நாலு நாளும் எங்களுக்கு முகாம். நான் போகாம இங்கயே இருந்தாலும் சார் என்னை ஸ்க்ரூடிரைவரைத் தொட விடமாட்டாரு. உங்களை ஒண்ணும் சொல்லமாட்டாரு. என்னைவிட உங்க கை நல்ல கை. வால்வைத் திறந்து சுத்தம் பண்ணி, ஒரு தடவை முழுசா செக் பண்ணிடுங்க. புதன்கிழமை வந்து கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் அலமாரியில வச்சுப் பூட்டிடுங்க. மாடியில பழைய வெண்டிலேட்டர் இருக்கு, கனம்தான், ஆனா ஓடும். அதை எடுத்துக்கச் சொல்லிடுங்க."

"சரி பிரதர். நீங்க போங்க," ன்னேன்.

"மறந்துடாதீங்க."

"அதான் சரின்னுட்டேன்ல!"

தலையைத் துவட்டிக்கிட்டே போனான். என்னைவிட உங்க கை நல்ல கையாம்! ஒன்பது வருஷம் கழிச்சுச் சொல்றான், அதுவும் வேலை வாங்கிக்க.

நாலு மணிக்குப் பல்திவியேசோ வந்தாரு. கார்னிவலுக்கு எல்லா மெஷினும் ரெடின்னு சுகாதாரத் துறைக்கு லிஸ்ட் போகணுமாம். "வாவா பெட்டி ஸ்டிக்கர் எங்க?"ன்னாரு.

"பிரதர் கிழிச்சிட்டாரு சார். திரும்பச் செக் பண்ணணும்."

"பூசை போட்ட மெஷின்ல கை வைக்கப்போறியா? உன் கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுதுல்ல?" மேசையிலேர்ந்து கிழிஞ்ச ஸ்டிக்கரை எடுத்து என் உள்ளங்கையில வச்சாரு. "காலையிலதானே பார்த்தான்? ஒட்டு."

ஒண்ணேகால் மணி நேர வேலை. அவரு போனப்புறம் நான் கதவைச் சாத்திக்கிட்டுப் பார்த்திருக்கலாம், எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. ஆறு மணிக்கு எனக்கு ஊர்வல ஆட்டத்துக்குக் கடைசி ஒத்திகை. அது ஒரு சாக்கு. நான் என்ன நினைச்சேன்னா, எதாவது ஆனா ஆகட்டும், அவன் கையெழுத்துதானே, என் தலையா உருளப்போகுது? அதைத்தான் நினைச்சேன். பசை தடவி, கிழிஞ்ச தடம் தெரியாம ஒட்டினேன். மேல ஒட்டியிருந்த பொட்டையெல்லாம் ஊதிவிட்டேன். நானே மாடிக்குத் தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் தெருவுல ஆடிக்கிட்டு இருந்தேன். ஹுவானுனி சுரங்கத்துக்காரன் செவெரோ பொண்டாட்டிக்கு ஏழாம் மாசத்துலயே பிரசவமாகி, பெண் குழந்தையை வாவா பெட்டியில மாட்டி லா பாஸுக்கு அனுப்பியிருக்காங்க. வழியில கராகொல்லோ தாண்டினதும் அலாரம் கத்தியிருக்கு. கூடப் போன நர்ஸ் நல்ல பொண்ணு, விவரமான பொண்ணு. ஸ்டிக்கரைப் பார்த்திருக்கா. நேத்துத் தேதி, எலெயாசார் கையெழுத்து. எலெயாசார் பார்த்த மெஷின்ல கோளாறு இருக்காதுன்னு, குழந்தைகிட்டக் கோளாறு தேடியிருக்கா. சளியை உறிஞ்சிப் பார்த்திருக்கா, தொண்டை ட்யூபை நகர்த்திப் பார்த்திருக்கா. குழந்தை நெஞ்சு ஏறினது ஏறினபடியே நின்னிருக்கு. கழட்டிட்டுக் கையால காத்தடிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள நுரையீரல் வெடிச்சுப்போச்சு.

ராஸ்கல், அவனை எல்லாரும் அவ்வளவு நம்பியிருந்தாங்க.

சாம்பல் புதனுக்கு மறுநாள் விசாரணை. துறையிலேர்ந்து மூணு பேர், பல்திவியேசோ, எங்க ஆளுங்க. பின்வரிசையில செவெரோ தொப்பியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். எலெயாசார் முகாம்லேர்ந்து வந்து, சேதி கேட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோட நின்னுக்கிட்டு இருந்தான். பெட்டியைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டாங்க. வேற யாருக்குத் தெரியும்?

முதுகைக் காட்டி நின்னு வால்வைக் கழட்டினேன். உள்ள மூணு காகிதப் பொட்டு. நனைஞ்சு, காய்ஞ்சு, தகட்டோட ஒட்டிக் கிடந்தது. கட்டைவிரலால வழிச்சு ஏப்ரன் பாக்கெட்டுல போட்டேன். தகட்டைத் திருப்பி வச்சு, அவங்க பக்கம் திரும்பினேன்.

"தகடு தலைகீழா மாட்டியிருக்கு சார்."

எலெயாசார் ஒரு அடி முன்னால வந்தான். "அப்படி மாட்டியிருந்தா ரப்பர் பை டெஸ்ட்லயே தெரிஞ்சிருக்கும். சகோதரி, உங்களுக்கே தெரியும்! ஐயா, அன்னிக்குப் பீர் ஊத்தினாங்க, காகிதம் போட்டாங்க. நான் ஸ்டிக்கரைக் கிழிச்சேன். இவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்."

"எங்கய்யா போட்டோம்?" பல்திவியேசோ பதறவே இல்ல. "நீதான் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, பூசை பாவம்னு தொடவே விடலையே. எல்லா மெஷினுக்கும் போட்டோம், அது ஒண்ணுக்கு மட்டும் போடல. கேளுங்க இவங்களை."

தலைங்க வரிசையா ஆடிச்சு. ஒருத்தன்கூடத் தரையைப் பார்க்கல.

துறைக்காரரு என்னைப் பார்த்தாரு. "அம்மா, நீங்க சொல்லுங்க. இவரு ஸ்டிக்கரைக் கிழிச்சாரா? உங்ககிட்ட எதாவது சொன்னாரா?"

எலெயாசார் என்னைப் பார்த்தான். அவன் முகத்துல பயமே இல்ல. நான் நிஜத்தைச் சொல்லுவேன்னு நம்பிக்கிட்டு நிக்கிறான், மடையன். அப்பக்கூட!

"இல்ல சார்," ன்னேன். "கிழிக்கல. ஒண்ணும் சொல்லல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரமா ஓடினாரு."

அவனை வெளிய உக்காரச் சொன்னாங்க, போனான். வேலை நீக்கம், அப்புறம் போலீஸ்ல புகார்னு எழுத ஆரம்பிச்சாங்க. பல்திவியேசோ என் பக்கம் சாஞ்சு, "திங்கக்கிழமை பேப்பரெல்லாம் எடுத்துட்டு வா"ன்னு கிசுகிசுத்தாரு. ஒன்பது வருஷம் காத்துக்கிடந்த வார்த்தை. 

செவெரோ எழுந்து என்கிட்ட வந்தான். சுரங்கத்துக் கை, நகத்துக்குள்ள எல்லாம் கருப்பு. என் வலது கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான்.

"இந்த ஆஸ்பத்திரியில வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நீங்கதாம்மா. உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"இல்ல."

"பூமித்தாய் குடுப்பா," ன்னு சொல்லி, குனிஞ்சு என் கட்டைவிரல் மேல முத்தம் குடுத்தான். கண்ணீர் பட்டுச்சு. "எம்மவளுக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்காது அண்ணே."

தலையை ஆட்டினான். தொப்பியைப் போட்டுக்கிட்டு வராந்தாவுக்குப் போனான். முதல் அடி விழுந்த சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுது. பெஞ்சு கவுந்துது. ரெண்டாவது, மூணாவது. நர்ஸ் ஒருத்தி வீல்னு கத்தினா. பல்திவியேசோ எழுந்து போயி, தடுப்பாருன்னு பார்த்தா, கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு.

நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். "நான் இல்லய்யா, அவ!"ன்னு ஒரு வார்த்தை போதும், செவெரோ திரும்பி உள்ள வந்திருப்பான். எலெயாசார் சொல்லல. அடி விழ விழ முனகுறான், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துது. சொல்லேன்டா பாவி, என் பேரைச் சொல்லித் தொலையேன்டா! அவன் சொல்லவே இல்ல. கதவைத் திறக்க எனக்குக் கை வரல.