ஆளுக்கு மூன்று மணி நேரம்

அந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷின் ஒன்றே ஒன்று. நாளுக்கு மூன்று பேர், ஆளுக்கு நான்கு மணி நேரம் என்று ஓடிக்கொண்டிருந்தது. "இடமில்ல, வேற எங்கயாவது பாருங்க" என்று எத்தனையோ பேரை நெஞ்சில் ஈரமில்லாமல் திருப்பி அனுப்பியவள்தான் தலைமை நர்ஸ். போன மாதம் அவள் தம்பிக்கே சிறுநீரகம் கைவிட்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே! ஆளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, நான்காவதாக அவனைச் சேர்த்தாள்.

"ஒரு உயிர் பிழைக்கும்ல?" என்று மற்ற மூவரிடமும் கேட்டாள். யார் உயிர் என்று சொல்லவில்லை. அவர்களும் தலையாட்டினார்கள்.

இன்று மிஷினில் படுத்திருந்த கொத்தனார் வாசலைக் காட்டினார். "வெளிய ஒரு அம்மா அழுதுட்டு நிக்கிறாங்க சிஸ்டர். நாங்க இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா அவங்களையும் சேர்த்துக்கலாம்ல?"

"நேரத்தைக் குறைச்சா உடம்பு தாங்குமாண்ணே? விளையாட்டா இது?" நாக்கு முந்திக்கொண்டது.

கொத்தனார் போர்வையை விலக்கி, ஒரு மாதமாக வீங்கிக் கிடக்கும் தன் கால்களைப் பார்த்தார்.

"தாங்காதுதான் சிஸ்டர்," என்றார். "உங்க தம்பிக்கு இப்பப் பரவாயில்லையா?"