இதயத்தைக் காட்டிக்கொடுத்த துப்பாக்கி

நாலே நாலு பவுண்டு. அந்த எடைக்காக ஒரு வீட்டில் ஜூன் மாதம் மூண்ட சண்டை ஆகஸ்ட் வரை ஓயவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஆர்லிஸின் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

ஆர்லிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. மொன்டானாவில் சமவெளி முடிந்து மலை சட்டென்று எழும்பி நிற்கும் இடத்தில், ஷோட்டோ என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். மலைச் செம்மறிக்கடா வேட்டைக்கு மாநிலம் வருஷா வருஷம் குலுக்கல் நடத்துகிறது. இருபத்தொன்பது வருஷமாகப் பெயர் கொடுத்து, இருபத்தொன்பது முறையும் ‘இந்த வருஷம் இல்லை’ என்ற பதிலை வாங்கிக் குப்பையில் போட்டவள் அவள். சீட்டு விழாமலேயே போய்ச் சேர்ந்தவர்கள் அந்த ஊர்க் கல்லறையில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட சீட்டு இந்த ஜூனில் அவளுக்கு விழுந்தது. ஒரே ஒரு கடா, ஒரே ஒரு பருவம். இன்னொரு முறை இந்த ஜன்மத்தில் விழாது என்று அவளுக்கே தெரியும்.

விழுந்த நேரத்தைப் பாருங்கள்! மார்ச்சில்தான் அவள் நெஞ்சைப் பிளந்து, இதயத்தில் பழுதாகிப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்துத் தைத்திருந்தார்கள். டாக்டரம்மா நல்லவள். போகவே கூடாது என்று சொல்லவில்லை.

“மெதுவா ஏறுங்க. முதுகுல, கையில எல்லாம் சேர்த்து இருபது பவுண்டு. அதுக்கு மேல ஒரு ஆணி கூடக் கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க, ஞாபகம் வச்சுக்கங்க. பலமா அடி பட்டா உள்ளயே ரத்தம் கட்டும்.”

கூடாரம், படுக்கைப்பை, அடுப்பு எல்லாம் கணவன் மெர்லுடைய முதுகுக்குப் போயின. தண்ணீர், சாப்பாடு, கம்பளிச் சட்டை, கரடி வந்தால் அடிக்க மிளகாய் ஸ்பிரே என்று தவிர்க்க முடியாததை மட்டும் ஆர்லிஸ் சமையலறைத் தராசில் நிறுத்தாள். பதின்மூன்றரை. துப்பாக்கிக்கு மிச்சம் ஆறரை. அவளுடைய பழைய துப்பாக்கியோ, குறி பார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்போடு பத்தரை. வால்நட் கட்டை, தடித்த குழல், தூக்கினாலே தோள் இறங்கும். ஆக நாலு பவுண்டு இடித்தது.

“உன் துப்பாக்கிய நான் தூக்கிட்டு வரேன், விடேன்,” என்றான் மெர்ல்.

“ஆமா, நீ புதர்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிற நேரம் பாத்து கடா வந்து நிக்கும். நான் கையை வீசிக்கிட்டு அதுக்கு குட்மார்னிங் சொல்றேன்.”

“அப்ப புதுசு வாங்கு. இலேசா ஒண்ணு.”

“இலேசானதெல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குய்யா!”

பேசிக்கொண்டே எட்டிச் சமையலறை ரேடியோவின் ஒலியை ஏற்றினாள். மார்ச்சிலிருந்து அந்த வீட்டில் ரேடியோ ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. பேருந்திலும் பிக்கப் வண்டியிலும் அதே கதைதான். காரணம் அந்த வால்வு. அது மூடும் ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்று சத்தம் போட்டது. அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். மாதா கோவிலில் எல்லோரும் கண்மூடி இருந்தபோது முன் வரிசைக்காரி திரும்பிக் கைக்கடிகாரத்தைத் தேடினாள். பேருந்தில் ஒரு வாண்டு, “உங்க பாக்கெட்ல என்ன கடிகாரம்?” என்று கேட்டுவிட்டது. ஆர்லிஸுக்கு மானம் போனது. அன்றைக்கு ஏற்றிய ரேடியோதான். மெர்ல் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அருவருப்பில் பேசாமலிருக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

துப்பாக்கிக் கடை டெல்பர்ட் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆள் பீப்பாய் உடம்பு, வாய் அதைவிடப் பெரிசு.

“வா தாயே, குலுக்கல் மகாராணி! எனக்கு முப்பத்து நாலு வருஷமா விழல. நீ இதயத்தக் கழட்டி மாட்டிக்கிட்டு வந்ததும் விழுது. நானும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா விழுமா?”

“உனக்கு எடுக்கிறதுக்கு உள்ள ஏதாச்சும் இருக்கணுமேடா.”

டெல்பர்ட் சிரித்துக்கொண்டே ஒரு துப்பாக்கியை எடுத்து நீட்டினான். மரத்துக்குப் பதில் கார்பன் நாரில் செய்த கட்டை, பென்சில் போல மெலிந்த குழல். ஸ்கோப்போடு ஐந்தே முக்கால் பவுண்டு. ஆர்லிஸ் கையில் வாங்கினாள். ஒன்றுமே இல்லாததைத் தூக்கிப் பிடித்ததுபோல் இருந்தது. ஆனால் தோட்டா பெரிய ரகம், அவளுடைய பழைய துப்பாக்கிக்குப் போடுகிற அதே தோட்டா. கடைக்குப் பின்னால் சரளைக் குழியில் மூன்று முறை சுட்டாள். மூன்றும் குறியில் விழுந்தன. மறுநாள் காலையில் அவள் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ரத்தக்கட்டின் கறை முழங்கை வரை இறங்கியிருந்தது.

மெர்ல் அதைப் பார்த்ததும் காப்பிக் கோப்பையை ‘ணங்’ என்று வைத்தான்.

“பைத்தியமா உனக்கு? துப்பாக்கி எளைச்சா உதை பெருக்கும்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் மாத்திரைய முழுங்கிட்டுப் போய் மூணு தடவ வாங்கியிருக்க!”

தெரியும்தான். எடையைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. வேட்டைக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்து அரை அவுன்ஸ் மிச்சம் பிடிப்பார்கள், மலை உச்சியில் நடுங்கிக்கொண்டே குறி தவறுவார்கள்.

கறை மஞ்சளாகி மறைய மூன்று வாரம் ஆயிற்று. பிறகு அவள் திரும்பக் கடைக்குப் போனாள். அதே மாதிரித் துப்பாக்கி, ஆனால் சின்னத் தோட்டா ரகம் ஒன்றை டெல்பர்ட் எடுத்து வைத்தான்.

“இது உதைக்காது, தள்ளும், அவ்வளவுதான். இருநூத்தம்பது கஜத்துக்குள்ள கடாவுக்கு இது போதும். அதுக்கு மேல தூரம்னா சுடாத. ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கறேன்.”

முதுகுப்பையைத் தரையில் போட்டு, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் குப்புறப் படுத்தாள். காதுக்கு உறை மாட்டிக்கொண்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். குறியைக் காட்டும் குறுக்குக்கோடு நிற்கவில்லை. துள்ளியது. ஒரு துள்ளல், கொஞ்சம் ஓய்வு, மறுபடி துள்ளல். பல்லைக் கடித்து இறுக்கிப் பிடித்தாள். அப்போதும் துள்ளியது.

உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். “ஆடுதுடா இது. ஏதோ கோளாறு.”

“ஆடறது துப்பாக்கி இல்ல ஆர்லிஸ்,” என்றான் டெல்பர்ட். குரலில் கேலி இல்லை. “உன் நாடி. கனமான துப்பாக்கி அத அமுக்கி வச்சிடும், இது காட்டிக்குடுத்திடும். எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். உனக்குக் கொஞ்சம் பலமா அடிக்குது போல.”

ஐந்து மாதமாக ரேடியோவை வைத்து மூடி மறைத்த சனியன் இங்கேயும் வந்து நிற்கிறதே! வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக இருந்த ஆர்லிஸ், என்ன நினைத்தாளோ, மறுபடி உறையை மாட்டிக்கொண்டு படுத்தாள்.

காது அடைபட்டதும் வெளி உலகம் போய்விட்டது. மண்டைக்குள் வால்வின் சத்தம் மட்டும் பெரிதாக ஒலித்தது. துள்ளல், உடனே டிக். அதன்பின் அசைவில்லை. துள்ளல், டிக், அசைவில்லை. டிக் கேட்ட பிறகு அடுத்த துள்ளல் வரும்வரை குறுக்குக்கோடு ஆணி அடித்தது போல் நின்றது.

அடேயப்பா! தன் இதயம் வேலை செய்வதை யார் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த நாளிலிருந்து ஒரு நாள் லீவு கேட்காமல் உழைத்த ஜீவன், கத்திபட்டு, தையல்பட்டு, இன்னமும் அதே வேலையைப் பார்க்கிறது. விரலை விசையில் வைத்தாள். டிக். மெதுவாக அழுத்தினாள். நூறு கஜத்துக்கு அப்பால் அட்டையின் நட்டநடுவில் ஓட்டை விழுந்தது.

“இதையே கட்டிக்குடு,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை டெல்பர்ட் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான். ஏன் என்று மெர்லிடம் அவள் சொல்லவில்லை. தினம் காலையில் ஒரே ஒரு தோட்டா சுட்டுப் பழகினாள்.

அக்டோபர் முதல் வாரம் ஏறினார்கள். நூறு அடி நடப்பாள், நின்று மூச்சு வாங்குவாள். ஐம்பது பவுண்டுக்கு மேல் சுமந்த மெர்ல் அவளுக்குப் பின்னாலேயே நின்று, “எனக்கும் மூச்சு வாங்குது,” என்று பொய் சொல்வான். மூன்றாம் நாள் காலையில் கடைசி முகட்டுக்கு வந்தபோது எதிரே சுண்ணாம்புப் பாறைச் சுவர் வடக்கும் தெற்கும் கண் முடியும் வரை எழுந்து நின்றது. அதன் காலடியில் புல் சரிவு. வயசெல்லாம் அந்த மலையைக் கீழேயிருந்து பேருந்துக் கண்ணாடி வழியே பார்த்தவள், அதன் நெற்றிக்கு நேரே நின்றாள். தான் எவ்வளவு சின்ன உயிர் என்று தோன்றியது. அதில் வருத்தம் இல்லை, பெரிய சந்தோஷம்தான் இருந்தது.

“ஆர்லி,” மெர்ல் கிசுகிசுத்தான். “கீழ பாரு.”

சரிவில் ஐந்து கடாக்கள் படுத்திருந்தன. நடுவில் இருந்தது கிழக்கடா. கொம்பு இரண்டும் முழு வட்டம் சுற்றி வந்து, நுனி பாறையில் தேய்ந்து மழுங்கியிருந்தது. எத்தனை குளிர்காலம் பார்த்த தலை அது! இருநூற்றிருபது கஜம்.

ஆர்லிஸ் பையைக் கிடத்திப் படுத்தாள். காதில் அடைப்பானைச் செருகினாள். ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். முகடு ஏறிய வேகத்தில் இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. துள்ளலுக்கும் துள்ளலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. டிக்டிக்டிக். கோடு கடாவின் தோளுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூத்தாடியது.

மெர்ல் அவள் காதருகே வந்து, “காத்து திரும்புது. கடா எழுந்திரிச்சதும் சுடு. இல்லன்னா போயிடும்,” என்றான்.

“போனா போகட்டும்.”

“இருபத்தொம்பது வருஷம்டி!”

“வயித்துல சுட்டுட்டு அது சாகக் கிடக்கிறதப் பாக்கவா இருபத்தொம்பது வருஷம் காத்திருந்தேன்? பேசாம இரு.”

அவள் மூச்சை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டுக் கிடந்தாள். பாறைமேல் வெயில் இறங்கி வந்தது. ஒரு கழுகு நிழல் சரிவைக் கடந்து போனது. கிழக்கடா அசைபோட்டபடி, தனக்குச் சொந்தமான நாட்டைப் பார்ப்பதுபோல் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விலாவும் ஏறி இறங்கியது. இவளுடையதும் ஏறி இறங்கியது. இரண்டு பேரும் ஒரே காற்றைத்தான் இழுக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே இடம் விழுந்தது.

இளம் கடா ஒன்று மூக்கைத் தூக்கி எழுந்தது. காற்றில் இவர்கள் வாடை எட்டிவிட்டது. ஒவ்வொன்றாக எழுந்தன. கிழக்கடா கடைசியாக எழுந்து, பக்கவாட்டில் நின்று, நேராக இவள் பக்கம் தலையைத் திருப்பியது.

துள்ளல். டிக்.

அழுத்தினாள்.

கடா நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது. ஒரு காலைக்கூட உதறவில்லை. வெடிச்சத்தம் பாறைச் சுவரில் மோதி, ஓடி, ஓய்ந்தது. மற்ற நாலும் கண நேரத்தில் பாறையோடு பாறையாக மறைந்துபோயின.

இறங்கிப் போய் அதன் பக்கத்தில் இரண்டு பேரும் மண்டியிட்டார்கள். ஆர்லிஸ் கழுத்து ரோமத்துக்குள் கையை வைத்தாள். சூடு இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். மலையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் அது தெளிவாகக் கேட்டது. டிக். டிக். டிக். அவள் கூசிப்போய்க் கோட்டை இழுத்து மூடினாள்.

“இங்க ரேடியோ இல்லியே,” என்றாள்.

“எனக்கு எதுக்கு ரேடியோ?” என்றான் மெர்ல். “மார்ச்சிலேருந்து இதத்தான கேட்டுக்கிட்டிருக்கேன். உன் பாழாப்போன ரேடியோ கத்தும்போதெல்லாம் கேக்காது. ரூம் ரூமா உன் பின்னாடியே வருவேன், ஓடுதா நின்னுடுச்சான்னு. நீ திட்டுவன்னு சொல்லல.”

ஆர்லிஸ் அவனையே பார்த்தாள். அடப்பாவி, இதையா அருவருப்பு என்று நினைத்தேன்! பிறகு அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சின் தழும்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

“இதக் கேட்டுத்தான்யா சுட்டேன். இது சொன்னப்புறம்தான் அழுத்தினேன்,” என்றாள்.

வெடிச்சத்தம் கேட்டால் கறி கிடைக்கும் என்று பழகிய கரடி வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. மெர்ல் அறுத்தான், அவள் பிடித்துக்கொண்டாள். கறியைப் பைகளில் கட்டி, இரண்டு நடையாகத் தானே இறக்குவதாகச் சொன்னான். கடாவின் இதயத்தை அவன் எடுத்தபோது அவள் கை நீட்டினாள்.

“இத நான் தூக்கிட்டு வரேன். ஒரு பவுண்டு கூட இருக்காது.”

“இருபதுக்கு மேல போயிடும்டி.”

“மூணு நாள் சாப்பாட்டத் தின்னாச்சு, தண்ணியக் குடிச்சாச்சு. எடம் இருக்கு.”

துணியில் சுற்றி முதுகுப்பையில் வைத்துக்கொண்டாள். துப்பாக்கி தோளில் இருந்தது தெரியவே இல்லை.

எல்லாம் இறக்கி முடிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. பிக்கப் வண்டியைக் கிளப்பியதும், பழக்க தோஷத்தில் மெர்ல் ரேடியோக் குமிழுக்குக் கையை நீட்டினான். ஆர்லிஸ் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை அந்த வண்டிக்குள் டிக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.