சோதனைக்கு வந்த போன்

அந்த ஆபீசில் அவளுக்கு நொட்டை மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். தண்ணீர் பம்பு விற்கிற கம்பெனி அது. பொருள் வாங்குவதெல்லாம் அவள் பொறுப்பு. புது நாற்காலி வந்தால் உட்காருவதற்கு முன் கவிழ்த்துப்போட்டுப் பார்ப்பாள். காகிதக் கட்டு வந்தால் ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடிப்பாள். எதைக் கொடுத்தாலும் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. முதலாளிக்கு இதில் எரிச்சலும் உண்டு, லாபமும் உண்டு. அதனால்தான், மெயிலும் வரும், பேசவும் பேசலாம் என்று ஒரு விற்பனைக்காரர் அந்தப் புதுவகைப் போனைக் கொண்டுவந்து வைத்தபோது, அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

“ஒரு வாரம் வெச்சுப் பாரும்மா. நல்லா இருக்குன்னு உன் வாயால வந்துடுச்சுன்னா, வெளியூர் சுத்தற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் வாங்கிடலாம்.”

கறுப்பாக, அகலமாக, உள்ளங்கையை அடைத்துக்கொண்டு இருந்தது. பாதி உடம்புக்குப் பொடிப்பொடியாக எழுத்துப் பொத்தான்கள். மெயில் வந்தால் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அவளுக்குச் சோதனை என்றால் சோதனைதான். தன் பழைய செல்போனை அணைத்து, ஸ்டோர்க்காரரிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொன்னாள். மேஜை போனுக்கு வருகிற அழைப்புகளையும் இதற்கே திருப்பிவிட்டாள். “கூட இன்னொன்னு இருந்தா இதோட வண்டவாளம் எப்படித் தெரியும்?” என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவளிடம் யார் வாயைக் கொடுப்பது?

இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. குறை ஒன்றும் அகப்படவில்லையே என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு காலையில் அம்மா கூப்பிட்டாள்.

“உன் அண்ணன் கப்பல் வந்திருக்குடி. சாயங்காலமே திரும்பக் கெளம்புதாம். அதுக்குள்ள உன்கிட்ட பேசணும்னான். நீ சொன்ன அந்தப் புதுப் போன் நம்பரைத்தான் குடுத்திருக்கேன்.”

“அவனாவா கேட்டான்?”

“அவனேதான். இந்தத் தடவையாவது வாயைக் கொஞ்சம் கட்டிக்கிட்டுப் பேசு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துவந்தான். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே இவள், “சிரிப்பு உதட்டோட நின்னுடுது, கண்ணுக்கு வரல. இது நமக்கு ஒத்து வராது” என்று போட்டு உடைத்துவிட்டாள். ஏதோ நாற்காலிக்குக் குறை சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்தப் பெண் அப்போதும் சிரிக்கப் பார்த்தாள், அதுதான் கொடுமை. அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனவன் போனவன்தான். கல்யாணத்துக்குக்கூடச் சொல்லவில்லை. தான் செய்தது தப்பு என்று இவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்து என்ன? அவன் முதலில் பேசட்டும் என்று இவள் இருந்தாள். அவனும் அதே ரத்தம்தானே, அவனும் அப்படியே இருந்தான்.

இன்றைக்கு அவனாக இறங்கிவருகிறான். இதையும் கோட்டைவிட்டால் கப்பல் மறுபடி எப்போது வரும், வந்தாலும் அவன் கூப்பிடுவானா, யார் கண்டது? எடுத்ததும் “தப்பு என்னுதுதாண்ணா” என்று சொல்லிவிட வேண்டும், வேறு எதையும் முன்னால் விடக்கூடாது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை ஓடவில்லை. ஒரு விலைப்பட்டியலைப் படித்தாள், படித்ததையே திரும்பப் படித்தாள். எழுந்து ஜன்னல்வரை போனாள். போன் ஒலித்தால் கேட்காதோ என்று உடனே திரும்பிவந்தாள். தண்ணீர் குடிக்கப் போனபோதும் அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போனாள்.

இதற்கு நடுவில் முதலாளிக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்துகொண்டே மெயில் அனுப்பினார். ‘வந்ததா?’ சிவப்பு விளக்கு மினுக்கியது. ‘இதுவும் வந்ததா?’ மறுபடி மினுக்கியது. மெயிலை உடனே கொண்டுவா என்று சொல்ல அதில் ஒரு பொத்தான் இருந்தது. விரலுக்கு ஒரு வேலை வேண்டியிருந்ததால் அவள் அதை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினாள். அண்ணன் கூப்பிடவில்லையே என்று தோன்றும்போதெல்லாம் அமுக்கினாள். அப்புறம் முதலாளி பம்புகளின் படங்களை மொத்தமாக அனுப்பித் தொலைத்தார். அவை ஒவ்வொன்றாக, நொண்டி நொண்டி இறங்கிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு நேரம் வந்தது, போயிற்று. அவளுக்குப் பசியே இல்லை.

ஸ்டோர்க்காரர் மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். “என்ன மேடம், இங்கதான் இருக்கீங்களா? எத்தனை தடவை கூப்பிடறது? போன் அணைச்சு வெச்சிருக்குன்னே சொல்லுது.”

“அணைக்கலயே. கையிலதான் வெச்சிருக்கேன்.”

“சத்தியமா அப்படித்தான் சொல்லுது மேடம். பைத்தியக்காரன் மாதிரி திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்தேன்.”

அந்தப் போனிலேயே உடனே விற்பனைக்காரரைக் கூப்பிட்டாள். “மெயில் இறங்கறப்ப யாராவது கூப்பிட்டா மணி அடிக்குமா, அடிக்காதா?”

“அடிக்கும் மேடம்.” கொஞ்சம் இழுத்தார். “அதாவது, இறங்கி முடிஞ்சதும் அடிக்கும். ரெண்டும் ஒரே வழியில வரணும் பாருங்க. ஒண்ணு உள்ள இருந்தா இன்னொண்ணு வெளிய நிக்கும். அப்ப கூப்பிடறவங்களுக்குப் போன் அணைச்சிருக்குன்னு கேக்கும். பொதுவா யாருக்கும் தெரியவே தெரியாது மேடம். யாரும் சும்மா சும்மா அமுக்கிக்கிட்டே இருக்கமாட்டாங்க இல்லீங்களா?”

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். வாயைத் திறப்பதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? போனை அணைச்சு வெச்சிருக்கியே. இப்பதான் பூத்துலேர்ந்து பேசினான். ‘அவளுக்கு இன்னும் ஆறலம்மா, விடு’ன்னுட்டு வெச்சுட்டான். அவன் குரலே சரியில்ல.”

“அம்மா, நான் அணைக்கல. நான் காலையிலேர்ந்து...” கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசலில் முதலாளி மடக்கினார். “பம்பு படமெல்லாம் தெளிவா வந்துச்சாம்மா?”

“வந்துச்சு சார். நாசமாப் போச்சு.” அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவள் டாக்சியில் ஏறிவிட்டாள்.

துறைமுகச் சாலை முழுக்கச் சரக்கு லாரிகள். டாக்சி ஊர்ந்தது. மடியில் கிடந்த போனில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. தொடாதே, தொடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல் கேட்கிறதா? கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

துறைமுக வாசலில் காவலாளி, “எந்தக் கப்பல்?” என்றார். அவளுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் அவன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று ஒரு தடவைகூட அம்மாவிடம் கேட்டதில்லை.

“சாயங்காலம் கெளம்பறது.”

“ஒண்ணுதான் இருந்துச்சு. இப்பதாம்மா போச்சு.” கம்பி வேலிக்கு அப்பால் தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு கப்பல் முதுகைக் காட்டிக்கொண்டு போனது. அங்கேயே, அந்த ஆள் முன்னாலேயே, வெட்கத்தை விட்டு அழுதாள்.

அப்போதுதான் மணி அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி வந்தது.

“நான்தான்... உங்க அண்ணனோட வீட்டுக்காரி பேசறேன். வெச்சுடாதீங்க.”

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“காலையிலேர்ந்து அவர்கூடத்தான் இருந்தேன். என் எதிர்லதான் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. போனை அணைச்சுட்டான்னு ரொம்ப நொந்துபோய்க் கப்பல் ஏறினாரு. நான் நம்பல. உங்களுக்குக் கோபம் இருந்தா எடுத்து மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேப்பீங்க. அணைச்சு வெச்சுட்டு ஒளியற ஆள் நீங்க இல்லன்னு அவர்கிட்டயே சொன்னேன். ஏதோ கோளாறா இருக்கும்னு தோணுச்சு. அதான் வீட்டுக்கு வந்ததும் நானும் ஒரு தடவை அடிச்சுப் பாக்கலாம்னு.”

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. “தப்பு என்னுதுதான்,” என்றாள். “இன்னிக்கு மட்டும் இல்ல. அன்னிக்கும் நான்தான். உங்களைப் போய் நான்... அண்ணி...”

எதிர்முனையில் சத்தமே இல்லை. போனதா, இந்தச் சனியன் இப்போதும் அறுத்துவிட்டதா என்று பதறிப்போனாள். “அண்ணி? இருக்கீங்களா?”

“இருக்கேன், இருக்கேன்.” அந்தக் குரலும் கரகரத்திருந்தது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எங்க இருக்கீங்க இப்ப? என்ன அது, லாரி சத்தம்?”

“துறைமுக வாசல்ல.”

“ஐயோ, அங்க போய் நிக்கிறீங்களா? தனியாவா?” கொஞ்சம் யோசித்தாள். “வீட்டுக்கு வந்துடுங்க. அவர் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவாரு. நீங்களே எடுத்துப் பேசுங்க.”

இவள் காத்திருந்த டாக்சியின் கதவைத் திறந்துகொண்டு அப்படியே நின்றாள். ஒரே ஊர். பஸ் ஏறினால் போய்விடலாம் போலிருக்கிறது. எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“எனக்கு வழி தெரியாது அண்ணி.”

“அதுக்கென்ன, ஏதாவது வண்டியில ஏறி உக்காருங்க. வெச்சுடாம வாங்க, சொல்லிக்கிட்டே வரேன்.”