தொட்டாற்சிணுங்கி கியர்

தன் ஓட்டும் திறமையில் மூணு கியருக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் கியர்க் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய டாக்சியைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறாள். அதில் மொத்தமே மூன்று கியர்தான். அதனால் டாக்சி ஸ்டாண்டில் அவளுக்கு வைத்த 'மூணு கியர்' என்ற பெயர் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த வண்டிக்கு வயதாகிவிட்டதாம். அடுத்த மாதத்திலிருந்து பெர்மிட் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால் ஒரு பல் டாக்டரிடம் காலியாக இருந்த டிரைவர் வேலை அவளுக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

பல் டாக்டர் ஊரார் பல்லைப் பிடுங்கிய காசில் ஒன்பது பழைய கார்கள் வாங்கி, ஷூட்டிங்குக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுகிறவர். அவருக்குத் தேவை ஒரே ஒரு டிரைவர். வந்து நின்றதோ இரண்டு பேர். இன்னொருவர் யாரென்று பார்த்தால், அவளுடைய அக்கா புருஷன்! முப்பது வருடம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று அவர் சொல்வார். அவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அக்கா சொல்வாள்.

"நீயும் வந்துட்டியா? இது உன் குடைக்கம்பி கியர் இல்லம்மா, தரையில இருக்கு. நம்ம ராஜ்யம்" என்றார் அத்தான்.

"ஆகட்டும் அத்தான். ஓட்டித்தான் பாப்போமே."

வெண்ணெய் நிறத்தில், இரண்டு கதவுள்ள சின்னக் கார். உள்ளே எட்டிப் பார்த்தால் காலுக்கு இரண்டே மிதிகள். பிரேக் மட்டும் கையகலத்துக்கு இருந்தது.

"கிளட்ச் பெடல் கிடையாது. கியரை மட்டும் நீங்க மாத்தணும்" என்றார் டாக்டர். "இந்த மேட்டுல ஏறி, பாதியில தண்ணித் தொட்டிகிட்ட நிறுத்துங்க. மறுபடி எடுத்து மேல ஷெட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்." அவ்வளவு இல்லை. மிச்சத்தை அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை.

முதலில் அத்தான் உட்கார்ந்தார். டாக்டரும் மூணு கியரும் பின்சீட்டில். தொட்டி வரைக்கும் பாதை வளைந்து வளைந்து போனதால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன; வண்டி சமர்த்தாக ஏறியது. நிறுத்தி, மறுபடி எடுத்தார். இனி நேர்ப்பாதை. ஒரு கை வழக்கம்போல இறங்கி, கியர்க் குமிழ்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்தது. எஞ்சின் ஓலமிட்டது. வண்டி பின்னால் உருண்டது.

பிரேக்கை மிதித்தார். மறுபடி எடுத்தார், மறுபடி ஓலம், மறுபடி உருண்டது.

"கிளட்ச் தேஞ்சுபோச்சு டாக்டர். வண்டியில சத்தே இல்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூணு கியர் எஞ்சினைக் கேட்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வை துடைக்கக் கையை எடுத்தபோது வண்டி இழுத்தது. குமிழில் வைத்ததும் விட்டது. ஓகோ, கிளட்ச் அந்தக் கம்பிக்குள்ளேயே இருக்கிறது! தொட்டாற்சிணுங்கி, விரல் பட்டாலே சுருண்டுவிடும்.

"இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க" என்றார் டாக்டர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை அவளுக்குத்தான். ஆனால் தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. அக்கா முகம் கண்முன் வந்து நின்றது. தவிர, சொல்லாமல் மறைத்து ஜெயிக்கும் அளவுக்கு அவள் ஓட்டுவது ஒன்றும் மட்டமில்லை.

"அத்தான், கியர் மேலேருந்து கையை எடுங்க. தொட்டாலே கிளட்ச் விட்டுடுது."

டாக்டர் திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே கையை எடுத்தார். வண்டி அழகாகப் பத்தடி ஏறியது.

"பாத்தியா, எஞ்சின் சூடாகணும். அதான் விஷயம்!" என்று பூரித்தார். பூரிப்பில் கை தன் பாட்டுக்கு இறங்கிக் குமிழில் உட்கார்ந்தது. மறுபடி ஓலம், உருண்ட வண்டி தொட்டிக்கே திரும்பி வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

வண்டியை மெதுவாகக் கீழே இறக்கி, இடம் மாறினார்கள்.

அவளுக்குக் கையைப் பற்றிக் கவலையில்லை. டாக்சியில் கியரை ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் கை உடனே ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். கியர்க் கம்பியிலேயே தொங்கினால் தோள்தான் வலிக்கும். அவளுடைய எதிரி இடது கால். பதினெட்டு வருடமாகக் கிளட்சை மிதித்த கால், இங்கே கிளட்சைத் தேடிப் போய் அந்த அகலப் பிரேக்கில் ஒரு மிதி மிதித்தால், பல் டாக்டருக்கே பல் போய்விடும். இடது செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு, வெறுங்காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கினாள். கால் தரையின் குளிர்ச்சியை உணர்ந்தபடி சொன்ன பேச்சைக் கேட்டு அங்கேயே கிடந்தது.

ஏறினாள். தொட்டியருகே நிறுத்தினாள். எடுத்தாள். ஒரு சுண்டு, இரண்டாவது கியர். ஷெட்டுக்குள் போய் நிற்கிறவரைக்கும் எஞ்சின் குரலே உயரவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடும்மா" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு கேக்கணும். ரகசியத்தை அவர்கிட்ட சொல்லிட்டியே, அவர் ஏத்தியிருந்தா?"

"நான் சொன்னா அத்தான் கேப்பாரு டாக்டர். அவர் கை கேக்கணுமே."

திரும்பும்போது டாக்சியில் அத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு மாதிரி நீளமான முன்சீட்டு. "அக்காகிட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லிடு" என்றார்.

"சொல்லிடறேன். ஷூட்டிங்குக்கு ரெண்டு கார் போற அன்னிக்கு இன்னொரு ஆள் வேணுமாம். நீங்க வருவீங்கன்னு சொல்லியிருக்கேன்."

முன்னால் ஒரு மேடு வந்தது. அத்தானின் கை தானாக இருவருக்கும் நடுவில் இறங்கி, அங்கே இல்லாத கியரைத் தேடியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.