வலது கை எட்டுகிற இடம்

இராஜம்மா அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து மேலே இழுத்தார். பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது. தங்கமணி அதை எடுக்க ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் அக்கா பார்த்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பதினொரு புண்கள். சில காய்ந்தவை. சில அன்று காலை திறந்தவை.

"என்ன தம்பி இது?"

"கொசுக்கடி."

"கொசுக்கடிக்கு இம்மாம் பெரிய குழி விழுமா?"

அக்கா என் மனைவி புஷ்பவல்லிக்கு மூத்தவர். கிள்ளானில் இருக்கிறார். குழந்தை இல்லை. புஷ்பவல்லி காய்ச்சலில் போய் ஏழு மாதமாகிறது. அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு காலை ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வந்து, குவார்ட்டர்ஸைக் கழுவி, சமைத்து வைத்து, மாலை ரயிலில் திரும்புவார். தங்கமணிக்கு நாலரை வயது. நான் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நான் ஆபீஸ் போனதும் பக்கத்து வீட்டு வள்ளியம்மா அவளைப் பார்த்துக்கொள்வார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க கம்பத்துல, பக்கத்துத் தெருவுல ஒருத்தனுக்கு இப்படித்தான் கையில ஆரம்பிச்சுச்சு. லோரி கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போனாங்க. இப்ப சுங்கை பூலோவுல கெடக்குறான். பொண்டாட்டி பிள்ளைங்ககூடக் கிட்டப் போக முடியாது."

பெருவியாதி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

"பிள்ளை உங்க கை மேலதானே தலை வச்சுத் தூங்குது?"

"ஆமா."

"இந்தத் தடவை தள்ளி, தைப்பூசம் முடிஞ்ச மறு ஞாயிறுதான் வருவேன். அதுக்குள்ள ஆறணும். ஆறலைன்னா இவளைக் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ஆறின பிறகு நானே கொண்டாந்து விடுறேன்."

அக்கா பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் பிள்ளையில்லாத வீட்டுக்கு நாலரை வயதில் போகிற பிள்ளை திரும்பி வராது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? காரியம் முடிந்த வாரம் கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டேன். பொருக்குத் தட்டியது. ஒரு மாலை அதன் ஓரத்தில் நகம் பட்டது. உரித்தேன். உரிகிற அந்தச் சிறிது நேரம் தலைக்குள் ஒன்றுமே இல்லை. மறுநாள் அங்கே மறுபடி பொருக்கு இருந்தது. பிறகு அது ஆறுவதற்கு நான் விடவில்லை. அது போதாமல் போனபோது நல்ல தோலிலேயே சின்ன மேடு தேடினேன். நான் மதராஸில் காலேஜில் படித்தவன். ஓர் ஆண் தன் தோலைத் தானே உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத் தமிழிலும் எனக்குச் சொல் தெரியவில்லை, இங்கிலீஷிலும் தெரியவில்லை.

அக்கா போகுமுன் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டார். பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். பற்று காய்ந்து வெடித்தது. வெடித்த ஓரங்கள் நகத்துக்கு இன்னும் வசதியாக இருந்தன. ஒரு சீன வைத்தியரிடம் கறுப்புக் களிம்பு வாங்கினேன். அது புண்ணை ஆற்றியது, நான் பக்கத்தில் புதிதாகத் திறந்தேன். நகத்தைச் சதை தெரிய வெட்டினேன். காகித ஊசியை எடுத்துக்கொண்டேன். துணி சுற்றினேன். துணிக்கு மேலாகவே விரல் இடத்தைக் கண்டுபிடித்தது. படுக்கும்போது கைகளில் காலுறை மாட்டினேன். காலையில் அவை தலையணைக்கு அடியில் கிடந்தன. நான் கழற்றியது எனக்கே தெரியாது.

ஆபீஸில் நாகையா சிரித்தான். "இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை! லண்டனுக்குக் கப்பல் ஏறப் போறீங்களா கிராணியாரே?"

இரண்டு வாரம் போனது. புண்கள் பதினான்கு ஆகியிருந்தன. டிரசர் சின்னையாவிடம் போனேன். இருபது வருடம் தோட்ட ஆஸ்பத்திரிகளில் கட்டுப் போட்டவர். இப்போது ரயில் லைன் ஓரமாகத் தனியாக மருந்துக்கடை வைத்திருந்தார். பெருவியாதி இல்லை என்று ஒரு காகிதம் எழுதித் தரும்படி கேட்டேன். அவர் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். இடது தோளில் மூன்று இருந்தன.

"சோத்துக்கை எது உங்களுக்கு?"

"வலது."

"அதான். வலது கை எட்டுற எடத்துல எல்லாம் இருக்கு. எட்டாத எடத்துல ஒண்ணுகூட இல்ல. வியாதிக்கு இவ்வளவு வெவரம் இருக்காதுங்க."

நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"வீட்டுல தவறினதும் அப்பத்தானா?"

தலையசைத்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அது எனக்கு நல்லதாக இருந்தது.

"காகிதம் எழுதலாம். வியாதி இல்லன்னு எழுதினா, பின்ன என்னன்னு கேப்பாங்க. தானே பிச்சுக்கிறாருன்னு எழுதணும். எழுதினா உங்களைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாங்க உங்க ரயில்வே ஆளுங்க. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருக்குறவன்கிட்ட யாரு பிள்ளையை விடுவா?"

"அப்ப என்ன செய்யறது?"

"ஒரு கங்காணி பொண்டாட்டி இப்படித்தான் தலைமுடியைப் பிடுங்குவா. பாதி மண்டை வழுக்கை. திட்டிப் பார்த்தான், அடிச்சுப் பார்த்தான், மந்திரிச்சான். ஒண்ணும் கேக்கல. கை போற நேரத்தைத் தெரிஞ்சுக்கச் சொன்னேன். அவளுக்கு எழுதத் தெரியாது, கை போறப்பல்லாம் ஒரு கல்லு எடுத்துப் போட்டா. நீங்க படிச்சவரு, எழுதுங்க. நிறுத்தணும்னு இப்பப் பார்க்காதீங்க. எழுதுங்க, அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சு, கை கெளம்பும்போதே இறுக்கி மூடி, நூறு எண்ணுங்க. களிம்பும் போடுங்க."

"அவளுக்குச் சரியாச்சா?"

"முடி மொளைச்சுது. அப்புறம் அவன் வேற தோட்டத்துக்குப் போயிட்டான். தெரியல."

நோட்டில் கோடு போட்டு எழுதினேன். நேரம், இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். காலை 6.10, அடுப்படி, உலை கொதிக்கக் காத்திருந்தேன். 11.40, ஆபீஸ், பார்சல் லிஸ்ட் சரிபார்த்து முடித்திருந்தேன். மாலை 5.50, வாசற்படி, தங்கமணி பக்கத்தில் இருந்தாள், ஒன்றும் செய்யவில்லை. 5.50 தினமும் வந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் புஷ்பவல்லி காப்பி கொண்டுவருவாள். அதை நான் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டாவது வாரம் கையை மூடத் தொடங்கினேன். நூறு எண்ணியதும் திறந்தேன். மறுபடி போனது, மறுபடி மூடினேன். நகம் உள்ளங்கையில் பதிந்தது.

தங்கமணி அண்ணாந்து பார்த்தாள். "யாரை அடிக்கப் போறீங்கப்பா?"

"யாரையும் இல்ல."

"நாகையா மாமாவையா?"

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அன்று அந்த வரியில் நேரம் மட்டும் இருக்கிறது.

ஒரு நாளைக்கு முப்பது முறை என்பது பதினெட்டாகி, ஏழாகியது. தைப்பூசத்தன்று இரண்டு. தோல் மூடியது. முதலில் ஈரமான ரோஸ் நிறம், பிறகு மங்கல். வள்ளியம்மா அந்த வாரம் ஏதோ சொன்னார். பிள்ளைக்குக் கொசுக்கடி, சொறிகிறாள், வேப்பெண்ணெய் தடவினேன் என்று. சரி என்றேன். அப்போது என் கையைத் தவிர வேறு கை என் கண்ணில் படவில்லை.

ஞாயிறு வந்தது. காலையிலிருந்தே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்ததும் என்னைக் கதவோர வெளிச்சத்துக்கு அழைத்தார். ஒவ்வொரு தழும்பாகக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"அந்த ரெண்டு மட்டும். மத்ததுல நீங்க அழுத்துறது தெரியுது."

"உணர்ச்சி இருக்கு. அந்த வியாதின்னா மரத்துப் போயிருக்கும்." மூச்சை விட்டார். "முருகா. பிள்ளை பொழைச்சுது."

பையைத் திறந்து விபூதிப் பொட்டலத்தை வெளியே வைத்தார். தங்கமணிக்கு அவரே தைத்த மஞ்சள் கவுன் ஒன்றும் இருந்தது. அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. நிம்மதிக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அவர் வீட்டில் ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருந்ததை நான் பிறகுதான் அறிந்தேன்.

"வாடி என் ராசாத்தி. கையைத் தூக்கு."

பழைய கவுனைக் கழற்றிப் புதியதைத் தலை வழியாக மாட்டினார். பாதியில் அவர் கை நின்றது. தங்கமணியின் இடது முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, நான்கு வட்டங்கள். இரண்டு காய்ந்தவை. இரண்டு புதியவை.

அக்கா துணியை விட்டார். பின்னால் போனார். சுவர் முதுகில் பட்டதும் நின்றார். உள்ளங்கையைப் புடவையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஆறு வாரமாக அந்தப் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துப்போக நாள் பார்த்திருந்தவர்.

"ஒட்டிக்கிச்சு," என்றார். "தம்பி, பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு."

"இல்லக்கா."

"நான் கண்ணால பார்த்தேன். லோரி வந்துரும். ரெண்டு பேரையும்..."

"வியாதி இல்லக்கா. நானே பண்றது."

அவருக்குப் புரியவில்லை. என்னிடம் சொல் இருக்கவில்லை என்று முன்பே சொன்னேன். கீழே உட்கார்ந்தேன். இடது கையை மடியில் வைத்தேன். ஆறாமல் மீதமிருந்த இரண்டில் ஒன்றின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தேன்.

"இப்படி."

உரித்தேன். ரத்தம் வந்தது.

"தினம் சாயங்காலம் வாசற்படியில உக்காந்து செஞ்சேன். இவ பக்கத்துல இருந்து பார்த்திருக்கா. அதான் செய்யறா. வேற ஒண்ணுமில்ல."

"வேணும்னேவா பண்றீங்க?"

"தெரியல."

"வலிக்காது?"

"வலிக்கும்."

"பைத்தியமா தம்பி உங்களுக்கு?"

ஒன்றைத்தான் காட்ட நினைத்திருந்தேன். கை இரண்டாவதற்குப் போயிருந்தது. அது முடிந்து ரோஸ் நிறத் தோலுக்கு வந்தது. எண்ண வேண்டும் என்று தெரிந்தது. ஒன்று என்ற எண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"போதும். பார்த்துட்டேன், போதும்."

கை நிற்கவில்லை.

"போதும்லா தம்பி!"

அக்கா சுவரை விட்டு வந்து என் முன்னால் மண்டியிட்டார். என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து அவர் மார்போடு இறுக்கினார். அவருக்கு நல்ல பலம். என் விரல்கள் அவர் பிடிக்குள் இன்னும் அசைந்தன. அதை அவர் உணர்ந்தார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. விடவில்லை.

"பெரியம்மா, கழுத்து மாட்டிக்கிச்சு."

தங்கமணியின் தலை மஞ்சள் துணிக்குள் இருந்தது. யாரும் கீழே இழுத்துவிடவில்லை. அக்காவின் இரண்டு கைகளும் என்னிடம் இருந்தன.

"இருட்டா இருக்கு," என்றாள்.

இரண்டு கைகளையும் உயரத் தூக்கியபடி, பேச்சுச் சத்தம் வந்த திசையில், ஒவ்வோர் அடியாக வைத்து அவள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.