மூன்றாவது ஓலை

மறுபடியும் நாற்பத்தைந்துதான் வந்தது. ஆன்சி கணினித் திரையில் பென்சில் முனையை வைத்து ஒவ்வொரு குரோமோசோமாகத் தொட்டு எண்ணினாள். முப்பது செல்கள். முப்பதிலும் ஒன்று குறைவு. மனிதருக்கு நாற்பத்தாறு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மண்டபத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பேத்தை மீன் ஆராய்ச்சி. வலையில் ஏறினால் வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும், தின்றால் ஆளைக் கொல்லும், எல்லாரும் தூக்கிக் கடாசுகிற மீன். அதன் மரபணுக்கள் எந்தக் குரோமோசோமில் எந்த வரிசையில் இருக்கின்றன, அதே வரிசை மனிதனிடம் எங்கே உடைந்து எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கெல்லாம் மூதாதையின் குரோமோசோம்கள் எப்படி இருந்திருக்கும் என்று அப்படித்தான் கணிக்கிறார்கள். ஒப்பிட மனித ரத்தம் வேண்டியிருந்தது. அதற்கு எதற்கு ஊரெல்லாம் அலைவது என்று தன் கையிலிருந்தே எடுத்துக் கொடுத்திருந்தாள். வினையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

அவளுடைய பதின்மூன்றாவது குரோமோசோமில் ஒன்றும் பதினான்காவதில் ஒன்றும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மதுரை மருத்துவர் தனியாகச் சோதித்து உறுதி சொல்லிவிட்டார். "உங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்லம்மா. கரு நிக்கிறதுலதான் சிக்கல் வரலாம். கலைஞ்சும் போகும், நல்லபடியாப் பொறக்கவும் செய்யும்."

கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு மீனுக்குள் இப்படி ஒட்டியதைப் பற்றி அவள் தன் கட்டுரையில் உற்சாகமாக இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதையே தன் வயிற்றுக்குள் வைத்து யோசித்தபோது பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. தங்கச்சிமடம் கோயிலில் அவளுக்கும் ஆன்டனி ராஜுக்கும் மூன்றாவது கல்யாண ஓலை வாசிப்பார்கள். இரண்டு வாரம் வாசித்தாயிற்று. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் சாமியார் அறிவிப்பார். அவளுக்குத் தெரிந்து யாரும் வாய் திறந்ததில்லை.

ஆன்டனி ராஜ் விசைப்படகு ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாக அவளுக்குப் பேத்தைகளை உயிரோடு பிடித்துக் கொடுத்து, அந்தச் சாக்கில் பேசிப் பழகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்தவன். சனிக்கிழமை மாலை கரையில் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்தபடியே கேட்டான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மதுரை டாக்டருக்கு. இப்ப ஒங்களுக்கு."

"அதோட இருக்கட்டும். எனக்கு நீ போதும். அம்மாட்ட மட்டும் மூச்சு விடாத."

"பெறகு கேட்டா என்ன சொல்றது?"

"கேக்கும்போது பாப்போம். நான் பாத்துக்கிறேன்."

அவன் தன்னைக் கைகழுவிவிடவில்லை என்ற நிம்மதி வீடு போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. முதல் கரு கலைந்தால் அவன் அம்மா ஜோதிமேரி நேர்ச்சை வைப்பார், அழுவார், அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார். இரண்டாவதும் கலைந்தால் ஆராய்ச்சி கீராய்ச்சி என்று மருந்தில் கை வைத்த வினை என்பார். காரணம் தெரிந்த மகன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். அந்தக் காட்சியை நினைக்க நினைக்க அவளுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் நல்லவன் என்பதும் சேர்ந்து எரிச்சலூட்டியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜோதிமேரி அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் ஆன்டனி ராஜ். நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் சாமியார் ஓலையை எடுத்தார். இரண்டு பெயர்களையும் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்து நிறுத்தினார்.

ஜோதிமேரி குனிந்து அவள் காதருகே சொன்னார். "அவ்வளவுதான். இனி நீ எங்க வீட்டுப் புள்ள."

ஆன்சி அவர் காதருகே சாய்ந்தாள். இதற்குமேல் பொறுத்தால் ஆயுசுக்கும் சொல்ல வராது என்று தெரிந்தது.

"மாமி, எனக்குக் கரு தங்காமப் போகலாம். ரத்தத்துல பாத்தாச்சு. ஒங்க மகனுக்குத் தெரியும். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு."

ஜெபமாலையை உருட்டிய ஜோதிமேரியின் கட்டைவிரல் ஒரு மணியின்மேல் நின்றது. எதிர்வரிசையில் ஆன்டனி ராஜ் தாயின் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

கடைசி ஆசீருக்குக் கோயில் முழுவதும் எழுந்தது. ஜோதிமேரி எழவில்லை. ஆன்சியும் எழவில்லை. சுற்றிலும் சேலைக் கொசுவங்களாக நிற்க, நடுவில் தரையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.